லைப்டைம்னு வித்த சாப்ட்வேருக்கு வருசாவருசம் காசு கேக்கறாங்க, கட்டலாமுங்களா?

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. திருப்பூர் 15 வேலம்பாளையத்துல நானும் வீட்டுக்காரரும் சின்னதா பவர் டேபிள் தையல் யூனிட் ஓட்டறோம், ஜாப் ஒர்க்தான். மூணு வருசம் முன்னாடி ஒருத்தர்கிட்ட பில்லிங் சாப்ட்வேர் 14,000 ரூவா குடுத்து வாங்குனோம், லைப்டைம், வேற செலவே இல்லைன்னாருங்க. போன வாரம் தொறந்தா வருசத்துக்கு 4,500 கட்டுனாத்தான் உள்ள போகும்னு வருது, பழைய பில்லு, டெலிவரி சலான் ஒண்ணையும் பாக்க முடியல. போன் போட்டா சர்வர் செலவு எச்சாயிருச்சுங்கறாரு. இது நாயமா, கேஸ் கீஸ் போடலாமுங்களா?

பதில்: அம்மணி, அவரு காசு கேட்டதுல தப்பில்லீங்க, பழைய பில்லைப் பூட்டி வெச்சுட்டு கேட்டதுதான் தப்பு.

சாப்ட்வேர் ஒருக்கா எழுதிட்டா வேலை முடிஞ்சுது, அப்புறம் விக்கறதெல்லாம் லாபம்னு நம்மாளுக நெறையப் பேரு நெனைச்சுட்டு இருக்காங்க. 2025 செப்டம்பர் 22 ஞாபகம் இருக்குங்களா? ஜிஎஸ்டியில 12, 28 பர்சன்ட் ஸ்லாபை எடுத்துட்டு பெரும்பாலான பொருளை 5, 18க்குள்ள கொண்டாந்தாங்க, ரெடிமேடுக்கு பீஸ் 1,000 ரூவா வரைக்கும்னு இருந்த 5 பர்சன்ட் 2,500 வரைக்கும் போச்சு. அன்னைக்கு காத்தால கடை தொறக்கறதுக்குள்ள ஒவ்வொரு பில்லிங் சாப்ட்வேர்க்காரரும் ரேட்டு மாத்தி அனுப்பியாகோணும், அந்த வேலைக்கு நீங்க என்னைக்கோ குடுத்த 14,000லயா கூலி எடுப்பாரு? டேட்டா சர்வர்ல இருந்தா அதுக்கு மாசாமாசம் வாடகை வேற. ஆக வருசக் கட்டணம் நாயந்தான், ஆனா அதை விக்கற அன்னைக்கே சொல்லியிருக்கோணும்.

டாலிங்கற கணக்கு சாப்ட்வேரைப் பாருங்க, லைசென்ஸ் ஒருக்கா வாங்கிக்கலாம், அப்டேட்டுக்கு தனியா ரெனிவல். ரெனிவல் கட்டாம உட்டா புது அப்டேட் வராது, ஆனா கையில இருக்கற வெர்சன் ஓடும், பழைய கணக்கும் தொறக்கும். உங்காளும் அப்புடி வெச்சிருந்தா நீங்க எனக்கு எழுதியே இருக்க மாட்டீங்க.

பழைய பில்லு உங்களுதுங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கையெல்லாம் அந்த வருசத்து ஆண்டு ரிட்டர்னோட கடைசி தேதியில இருந்து 72 மாசம் நீங்க வெச்சிருந்தாகோணும், நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா சாப்ட்வேர்க்காரரு பூட்டிட்டாருன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால மொத வேலையா, எல்லா பில்லையும் எக்செல்ல எடுத்துக் குடுங்கன்னு நாள் குறிச்சு மெயில் போடுங்க, போன்ல கேக்காதீங்க. அதோட வாங்குனப்ப வந்த கொட்டேசன், பில்லு, வாட்சப் மெசேஜ் எல்லாத்தையும் தேடி ஒட்டுக்கா எடுத்து வெய்யுங்க, லைப்டைம்ங்கறது அதுல எங்கயாச்சும் எழுத்துல இருந்தா உங்க கை ஓங்கிரும், வாய் வார்த்தைன்னா கொஞ்சம் கஷ்டம்.

மசியலைன்னா 1915ங்கற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைண்ட் குடுங்க. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்குது, உங்க மாவட்டத்துலயே போடலாம், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்து 2 வருசத்துக்குள்ள போடோணும். ஒரு சிக்கல் இருக்குங்க, வியாபாரத்துக்கு வாங்குனா நீங்க நுகர்வோரே இல்லைன்னு எதிர்ல இருந்து சொல்லுவாங்க. பொழப்புக்காக சுயதொழில் பண்றவங்களுக்கு 2019 நுகர்வோர் சட்டத்துல விலக்கு இருக்குது, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு ஓட்டற யூனிட்டுன்னா அதைச் சொல்லி வாதாடலாம், 40 மிசின் போட்டு ஆள் வெச்சு ஓட்டறவங்களுக்கு இது நிக்காது.

என்னையக் கேட்டா கேசு கடைசி. டேட்டாவ வாங்கிட்டு, 4,500ஐ கொஞ்சம் கொறைச்சுப் பேசி, அதுக்குள்ள என்னென்ன செய்வாருன்னு எழுதி வாங்கிட்டு அவருகிட்டயே இருங்க. புதுசுக்கு மாறுனா பார்ட்டி பேரு, ஒவ்வொரு தையல் வேலைக்கும் ரேட்டு எல்லாம் மொதல்ல இருந்து அடிக்கோணும், சனிக்கிழமை சம்பளம் போடற அவசரத்துல அந்தப் பாடு ஆருக்கு வேணும்.

கேள்வி: சார், நான் சரவணம்பட்டியில இருக்கற டெவலப்பர். பொள்ளாச்சி பக்கம் தேங்கா களத்துக்காரங்களுக்கு லோடு, உரிகூலி கணக்கு பாக்கற ஆப் போட்டிருக்கேன், வருசத்துக்கு 999 ரூவா. கட்டுபடியாகல, 1,800 ஆக்கலாம்னு இருக்கேன். பழைய கஸ்டமர் சண்டைக்கு வருவாங்களேன்னு பயமா இருக்கு.

பதில்: இந்தப் பகுதிக்கு விக்கறவங்க எழுதறது அபூர்வந்தான், நல்லதுதான் எழுதுங்க தம்பி. பிளே ஸ்டோர் வழியா வித்தா 999ல 15 பர்சன்ட் கமிசன், கிட்டத்தட்ட 150 ரூவா அங்கயே போயிருது, உங்க கஷ்டம் புரியுது.

ஏத்துங்க, ஆனா சொல்லிட்டு ஏத்துங்க. யூனிட்டின்னு கேம் செய்யற இன்ஜின் கம்பெனி 2023 செப்டம்பர்ல, அடுத்த ஜனவரியில இருந்து ஒரு அளவுக்கு மேல வித்து ஓடுன கேமை ஒவ்வொரு தடவை இன்ஸ்டால் பண்றதுக்கும் காசுன்னு திடீர்னு அறிவிச்சாங்க, முன்னாடியே வெளிவந்த கேமுக்கும் சேத்து. டெவலப்பருக கொதிச்சுட்டாங்க, அடுத்த மாசமே சிஇஓ போனாரு, ஒரு வருசம் கழிச்சு அந்தக் கட்டணத்தையே தூக்கிட்டாங்க. புரோகிராம் எழுதற சாப்ட்வேர் விக்கற ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனி 2015ல சந்தாவுக்கு மாறுறோம்னு சொன்னப்பவும் சத்தந்தான், ஆனா அவங்க அதே மாசத்துல இறங்கி வந்து, ஒரு வருசம் காசு கட்டுனா ஒரு வெர்சன் உங்களுக்கே, சந்தாவ நிறுத்துனாலும் ஓடும்னு மாத்துனாங்க. ஜனங்க ஒத்துக்கிட்டாங்க.

உங்க களத்துக்காரரும் அப்புடித்தான். 1,800 குடுப்பாரு, ஆனா நடுவுல ஏத்துனா உடமாட்டாரு. இப்ப கட்டியிருக்கற வருசம் முடியற வரைக்கும் பழைய ரேட்டு, ரெனிவலுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மெசேஜ், வேண்டாம்னு போறவருக்கு கணக்கு பூராத்தையும் பைசா வாங்காம எக்செல்ல குடுத்துருங்க. ஜிஎஸ்டி போடறதா இருந்தா அதையும் சேத்தே ரேட்டைச் சொல்லுங்க, கடைசி ஸ்கிரீன்ல திடீர்னு 18 பர்சன்ட் ஏறுனா மனுசன் வேற எதையும் நம்ப மாட்டான். 2023 நவம்பர்ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்னு, அதாவது ஆப்ல ஆளை ஏமாத்தற தந்திரம்னு, தடுத்த 13 வகையில இப்புடி கடைசியில விலை ஏத்தறதும் இருக்குது, சந்தாவுல சிக்க வெச்சு வெளிய உடாம இருக்கறதும் இருக்குது.

அப்பறம் ராத்திரி பத்து மணிக்கு வாட்சப்ல "தம்பி கொப்பரைக்கு தனி கட்டம் ஒண்ணு சேத்து உடு"ன்னு கேக்கற கஸ்டமருக்கும் ஒரு வார்த்தை, அது ஓசி வேலையில்லீங்க, ஆப் போட்ட தம்பியோட பொழப்பு.

கேள்வி: ஈரோட்டுல இருந்து எழுதறேன். பொண்ணு ஏதோ போட்டோ ஆப் ஏழு நாள் ப்ரீன்னு போட்டுச்சு, அடுத்த நாளே டெலிட் பண்ணிட்டோம், இருந்தும் மாசம் 399 போகுது.

பதில்: ஆப்பை டெலிட் பண்ணுனா சந்தா நிக்காதுங்க. பிளே ஸ்டோர்ல உங்க போட்டோவ தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்சன்ஸ் போய் கேன்சல் குடுங்க, யூபிஐ ஆப்ல ஆட்டோபே லிஸ்ட்டையும் ஒருக்கா பாத்துருங்க. ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரோணும்னு ரிசர்வ் பேங்க் ரூல், 15,000 ரூவா வரைக்கும் ஓடிபி கேக்காமயே போகும், அதனால அந்த மெசேஜை படிக்காம தள்ளாதீங்க. கடைசியா போன 399ஐ 48 மணி நேரத்துக்குள்ள கூகுள்கிட்ட ரீபண்ட் கேட்டுப் பாக்கலாம், அதுக்கு முந்துன மாசத்துக் காசு திரும்பறது கஷ்டந்தானுங்க.