பிணை கிடைத்தும் உள்ளே

அன்புள்ள அண்ணா,

யாழ். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருக்கிறேன். அமெரிக்காவில் குற்றவியல் நீதியில் பிஎச்டி செய்ய விருப்பம். சட்டமும் படிக்கவில்லை, மாஸ்டர்ஸும் இல்லை. விண்ணப்பிக்கலாமா? எழுதிய எஸ்ஓபியை (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கை) இணைத்திருக்கிறேன்.

வாசகி, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

தாராளமாக விண்ணப்பிக்கலாம். அங்கே இது சமூக விஞ்ஞானப் படிப்பு. சட்டத்தரணியாவதற்கான படிப்பு வேறு. மாஸ்டர்ஸ் இல்லாமல் எடுக்கிற துறைகளும் உண்டு, கட்டாயம் கேட்கிறவையும் உண்டு. ரட்கர்ஸ், அல்பனி, மேரிலாந்து என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியையும் தனித்தனியே பாருங்கள். புள்ளிவிபரவியல் கொஞ்சமாவது படித்திருந்தால் அதை மறக்காமல் எழுதுங்கள்.

இனி எஸ்ஓபி. முதல் ஒன்றரைப் பக்கமும் யுத்தம், இடப்பெயர்வு, நீதி மீதான தாகம். எல்லாம் உண்மைதான், ஆனாலும் வெட்டுங்கள். தெரிவுக்குழு உங்கள் தாகத்தைப் பார்ப்பதில்லை, உங்களிடம் என்ன கேள்வி இருக்கிறது என்றுதான் பார்க்கும். அந்தக் கேள்வியைக் கடைசிப் பந்தியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்: நீதவான் பிணை கொடுத்தும், கிராம சேவகரின் கடிதத்தோடு இரண்டு பிணையாளிகள் வராததால் திரும்பவும் சிறை வண்டியில் ஏறிய பெடியன். அவனிலிருந்து தொடங்குங்கள்.

பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம். ஆனால் இலங்கைச் சிறைகளுக்கு ஒரு வருடத்தில் அனுப்பப்படுகிறவர்களில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியல்காரர்களே, அதாவது வழக்கு முடியுமுன் அடைக்கப்படுகிறவர்களே, கூடுதல். இவர்களில் பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் யார்? எத்தனை நாள் இருக்கிறார்கள்? பிணையாளி கிடைக்காததற்குக் காசில்லாதது காரணமா, ஊரில் ஆளில்லாததா? பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளை மட்டும் இதில் கலக்காதீர்கள், அவை பிணைச் சட்டத்துக்கு வெளியே. சிறைச்சாலைத் திணைக்களம் வருடாவருடம் புள்ளிவிபரம் வெளியிடுகிறது, முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெடியன் உங்கள் சட்டத்தரணியின் கட்சிக்காரர் என்றால் சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

காசு விஷயம்: கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் தருகிற உதவியாளர் இடத்தோடு வரும் அனுமதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடன்பட்டு பிஎச்டி செய்வது விசர் வேலை. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம், கேட்க வெட்கப்படாதீர்கள்.

முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். விரிவுரையாளர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி வருட ஆய்வு தமிழில் என்றால் அதில் நல்ல ஒரு அத்தியாயத்தை ஆங்கிலத்தில் ஆக்குங்கள், எழுத்து மாதிரியாக அதையே அனுப்பலாம்.