நீலகிரியில் பியோனி வேர் வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கரில் கேரட்டும் பூண்டும் போடுகிறேன். சீன மருத்துவத்தில் பயன்படும் பியோனி வேருக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் அப்படி என்ன மருந்துச் சத்து இருக்கிறது? நம் மலையில் வளருமா? ஆன்லைனில் விதை விற்கிறார்கள், வாங்கலாமா? அம்மாவுக்கு முடக்குவாதம் இருக்கிறது. இந்த வேரைக் காய்ச்சிக் கொடுக்கலாமா?

பதில்: விதை வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் சத்தைப் பற்றிப் பேசிவிடலாம், உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

இந்த வேரின் முதன்மைச் சத்துக்குப் பெயர் பியோனிஃப்ளோரின். 1963இல் ஜப்பானைச் சேர்ந்த ஷிபாட்டாவும் நகஹாராவும் இதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் பொருள், தண்ணீரில் நன்றாகக் கரையும். கூடவே ஆல்பிஃப்ளோரின், பென்சாயில் பியோனிஃப்ளோரின், சில துவர்ப்புப் பொருள்கள் எல்லாம் உண்டு. வீக்கத்தைக் குறைக்கிறது, தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாய்வழியே கொடுத்தால் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. உண்மையில் வேலை செய்வது எது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விவசாயிக்கு முக்கியமான சங்கதி இனிமேல்தான் வருகிறது. ஒரே செடியின் வேர் சீனச் சந்தையில் இரண்டு சரக்காகப் போகிறது. தோல் சீவி வேகவைத்துக் காயவைத்தால் 'பாய்ஷாவ்', அதாவது வெள்ளை. தோலோடு அப்படியே காயவைத்தால் 'ச்சிஷாவ்', சிவப்பு. (சிவப்புக்கு இன்னொரு காட்டு இனத்தின் வேரையும் எடுத்துக்கொள்கிறார்கள்.) சீன அரசின் மருந்துத் தரநூல்படி வெள்ளையில் பியோனிஃப்ளோரின் குறைந்தது 1.6 சதவீதமும், சிவப்பில் 1.8 சதவீதமும் இருந்தாக வேண்டும். வேர் எவ்வளவு பருமனாக இருந்தாலும் இந்த எண் வரவில்லை என்றால் மருந்துச் சரக்காக எடுபடாது. நம் ஊரில் செங்காந்தள் விதை கால்ச்சிசின் என்ற மருந்துச் சத்துக்காக விலை போகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான்.

அந்தச் சத்து அளவை நிலத்தைவிடக் காயவைக்கும் களத்தில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். ஈரோட்டு மஞ்சள் வேகவைப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சட்டென்று புரியும். நடுவில் வெள்ளைக் கரு மறைகிற பதத்தில் எடுத்துவிட வேண்டும். கூடுதலாக வெந்தால் சத்து தண்ணீரோடு போய்விடும். அவசரப்பட்டு ஒரே வெயிலில் காயவைத்தால் மேலே கெட்டியாகி உள்ளே பூசணம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் காயவைத்து, குவித்து மூடி, உள் ஈரம் வெளியே வந்த பிறகு மறுபடி விரிப்பார்கள். வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று கந்தகப் புகை போடும் பழக்கமும் சீனாவில் உண்டு, நம் கொப்பரைக்குப் போடுகிற மாதிரி. புகை பட்டதும் பியோனிஃப்ளோரின் கந்தகத்தோடு சேர்ந்து வேறு சேர்மமாகிவிடுகிறது என்று ஆராய்ச்சியில் காட்டிவிட்டார்கள். இப்போது ஒரு கிலோ வேரில் கந்தக டையாக்சைடு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சீனாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் மலைக்கு வருவோம். பியோனி விளையும் சீனாவின் அன்ஹுய் மாகாணத்துப் போச்சோவில் குளிர்காலம் கடுமையானது. செடி மேலே முழுக்கக் காய்ந்துவிடும், மொட்டு மண்ணுக்குள் உறங்கும். 5 டிகிரிக்குக் கீழே பல வாரம் குளிர் பட்டால்தான் அது சரியாக விழிக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். மார்கழி தையில் சில இரவுகள் நடுங்கவைத்தாலும் பத்து மணிக்கு வெயில் வந்துவிடுகிறதே, அந்தக் குளிர் இதற்குப் போதாது. செடி சாகாமல் நிற்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். மண்ணும் தடைதான்: உங்கள் பக்கம் புளிப்பு மண், இதற்கு நடுநிலைக்கு நெருங்கிய, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். இரண்டு பருவமழையையும் வாங்கும் சரிவில் வேரழுகல் நிச்சயம் தொல்லை கொடுக்கும்.

விதையைப் பொறுத்தவரை, பியோனி விதைக்கு இரட்டை உறக்கம். முதலில் வெதுவெதுப்பில் வேர் விடும், அப்புறம் நீண்ட குளிர் பட்டால்தான் முளை மேலே வரும். சீனாவில் விவசாயிகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் கிழங்கைப் பிரித்து, மொட்டுள்ள துண்டுகளைத்தான் நடுகிறார்கள். வேர் பருக்கவேண்டும் என்று பூமொட்டைக் கிள்ளிவிடுகிறார்கள். அப்படியும் வெட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை அந்த நிலத்தில் எத்தனை கேரட் வெட்டியிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விதையோ கிழங்கோ வரவழைக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் கட்டாயம், தபாலில் சும்மா வருவது சட்டப்படி சரியல்ல. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்டில் பியோனியின் இமாலய இனம் ஒன்று காட்டில் தானாக வளர்கிறது. அது வேறு இனம் என்பதால் பாய்ஷாவ் வாங்குபவர்கள் அதை எடுக்கமாட்டார்கள்.

மருந்துப் பயிர்தான் வேண்டும் என்றால், நீலகிரியில் ஏற்கெனவே வளரும் ரோஸ்மேரி, தைம் இரண்டையும் முதலில் விசாரியுங்கள். வாங்குபவர் யார் என்று எழுத்தில் தெரிந்துகொண்டு, ஐந்து சென்ட்டில் ஆரம்பித்தால் போதும்.

அம்மா விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இந்த வேரின் குளுக்கோசைடுகளை, அதாவது பியோனிஃப்ளோரின் போலச் சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் சத்துகளை, மொத்தமாகப் பிரித்துச் செய்த மாத்திரையை முடக்குவாதத்துக்கு 1998இல் சீனா அனுமதித்தது உண்மை. அது அளவு நிர்ணயித்த மருந்து, அதைச் சாப்பிடுபவர்களுக்கே வயிற்றுப்போக்கு வருவதுண்டு. நாட்டுமருந்துக் கடையில் பெயர் சொல்லித் தரும் வேரில் என்ன இனம், எவ்வளவு சத்து என்று நமக்கு எப்படித் தெரியும்? அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எதைச் சேர்ப்பதானாலும் மூட்டுவாத மருத்துவரிடம் சீட்டோடு போய்க் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.