மாட்டின் வயிறும் தீவனமும்: வாசகர் கேள்வி-பதில்

கல்யாண வீட்டில் மீந்த சோற்றை ஒரு வாளி வைத்தோம். மறுநாள் மாடு அசைபோடவில்லை, தண்ணீராகக் கழிகிறது.

இது வயிற்றுப் புளிப்பு. சோறு முழுக்க மாவுச்சத்து. அது மொத்தமாக உள்ளே போனதும் முதல் வயிற்றில் மாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மளமளவெனப் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். 6-க்கு மேல் இருக்கவேண்டிய பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) 5-க்கும் கீழே இறங்கும். வைக்கோலைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அங்கே பிழைக்காது. வயிற்றின் அசைவும் நின்றுபோகும். உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுபடுவதால்தான் கழிச்சலும் குழிவிழுந்த கண்ணும்.

சோறு, கஞ்சி, அடர் தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். இப்போதே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மாடு தள்ளாடினாலோ எழ மறுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நாக்கைப் பிடித்து, தலையைத் தூக்கி எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். அதனாலேயே இறந்த மாடுகள் உண்டு. புளித்த கஞ்சித் தண்ணீரும் அமிலம்தான், மருந்தல்ல.

அடர் தீவனத்தைக் கூட்டினோம். பால் கூடியது, ஆனால் பால் சொசைட்டியில் பார்த்தால் அதன் கொழுப்பு குறைந்துவிட்டது.

பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். அதை அதிகம் தருபவை நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள். நார் குறைந்தால் அவையும் குறையும். மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட்தான் வயிற்றின் அமிலத்தை அடக்குகிறது. அசைபோட்டால்தான் அந்த உமிழ்நீர் ஊறும். தீவனப்புல்லைத் தூளாக வெட்டினால் அசைபோட எதுவும் மிஞ்சாது. ஒன்று, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள்.

அடர் தீவனம் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, கொஞ்சம் வைக்கோல் தின்ற பிறகு வையுங்கள். அப்படியும் சாணி இளகி நுரைத்தால் சமையல் சோடா நாளுக்கு 100 முதல் 150 கிராம் தீவனத்தில் கலக்கலாம். ஆனால் நாரின் குறையை அது ஈடுசெய்யாது.

புதுத் தீவனத்துக்கு எத்தனை நாளில் மாற்றலாம்?

பத்து முதல் பதினான்கு நாள். முதலில் கால் பங்கு, பிறகு பாதி, முக்கால். பாக்டீரியாக்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாளாகும்.

குதிரைமசால் மேய்ந்ததும் இடப்பக்கம் உப்பிவிடுகிறதே?

குதிரைமசால் போன்ற இளம் பயறுவகைத் தீவனம் செரிக்கும்போது வயிற்றில் நுரை கட்டி, வாயு ஏப்பமாக வெளியேற முடிவதில்லை. பனி ஈரத்தோடும் வெறும் வயிற்றிலும் மேயவிடாதீர்கள். முதலில் வைக்கோல் கொடுங்கள். அறுத்துப் போடுவதானால் வாட வைத்து, ஒரு பங்குக்கு இரு பங்கு புல் சேருங்கள். உப்பிய மாடு மூச்சுவிடத் திணறினால் மருத்துவர் உடனே வந்தாக வேண்டும்.