ஐ.பி. தேர்வு எழுதும் மகனை நினைத்துக் கலங்கும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை கூடங்குளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, மகனோடு பாளையங்கோட்டைக்கு வந்தீர்கள். அவன் ஐ.பி. என்கிற மத்திய உளவுத்துறைத் தேர்வைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தான். நீங்கள் மஞ்சள் பையிலிருந்து ஒரு சம்மனை எடுத்து மேசைமேல் விரித்தீர்கள். கூடங்குளம் அணு உலைக்கு எதிரான 2012 போராட்டத்தில் உங்கள்மேல் போட்ட வழக்கு. மடித்த இடமெல்லாம் காகிதம் இற்றுப்போயிருந்தது. “நாளைக்கு எங்களைப் போன்றவர்களையே இவன் வேவு பார்க்க வேண்டி வருமோ?” என்று கேட்டீர்கள். அவன் முன்னால் நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

ஐ.பி. 1887-இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் பிறந்தது. இன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நாட்டுக்குள் தகவல் திரட்டி அரசை எச்சரிப்பது அதன் வேலை. கைது செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அது போலீஸின் வேலை.

ஆனாலும் உங்கள் பயம் வெறும் பயமில்லை. இந்த அமைப்புக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை. உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் தவிர மற்றவற்றைத் தராமல் இருக்க ஐ.பி.க்கு விலக்கு உண்டு. தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அதிகாரிகளே இருக்கிறார்கள். இது போதாது என்பதே என் எண்ணம். அதனால்தான் உங்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே போக வேண்டும் என்கிறேன். பந்தலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருப்பவர் யார், குண்டு வைக்க வருபவர் யார் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பட்டம் இருப்பதால் உதவி மத்திய உளவு அதிகாரி பணிக்கே எழுதட்டும். முதல் தாளில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். நம் பிள்ளைகள் சறுக்குவது அடுத்த தாளின் ஆங்கிலத்தில்தான். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வேலை கிடைத்தால் இந்தியாவில் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்புப் படிவம் அவன்மேல் உள்ள வழக்குகளைக் கேட்கும். ஒன்றும் இல்லை என்றான், நல்லது. ஊரில் விசாரிக்க வருபவர் உங்கள் வழக்கைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அந்தப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படி 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. வழக்கு முடிந்த காகிதம் இருந்தால் சம்மனோடு எடுத்து வாருங்கள். சம்மன் மேலும் கிழிவதற்குள் நகல் எடுத்துவிடலாம்.