மிகைல் சுஸ்லோவ் 35 ஆண்டுகள் சோவியத் அதிகாரத்தின் உச்சியில் எப்படித் தாக்குப்பிடித்தார்?

முதல் நாற்காலிக்கு அவர் ஒருநாளும் ஆசைப்படவில்லை, ஒரு வரியில் கேட்டால் இதுதான் என் பதில். ஆனால் அதோடு விட்டால் அவர் கையால் என்ன நடந்தது என்பது தெரியாமல் போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1902இல் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர், 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பொருளாதாரம் படித்து, பாடம் நடத்தி, மெல்ல மேலே வந்தவர். 1939இல் தெற்கு ரஷ்யாவின் ஸ்டாவ்ரபோல் பகுதிக் கட்சித் தலைமைக்கு வந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1943 நவம்பரில், காகசஸ் மலைப்பகுதியில் வாழ்ந்த கராச்சாய் இன மக்களை ஊரோடு பிடுங்கி மத்திய ஆசியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அப்புறம் லித்துவேனியாவில் கட்சி வேலை. 1947இல் கட்சியின் உச்ச அமைப்பான மத்தியக் கமிட்டியின் செயலாளர்களில் ஒருவர் ஆனார். ஸ்டாலின், குருஷ்சேவ், பிரெஷ்னேவ் என மூன்று தலைவர்கள் காலத்திலும் அந்தப் பதவி அவரிடமேதான் இருந்தது, 1982 ஜனவரியில் சாகும்வரை.

லெனின் மேற்கோள்களை அட்டைகளில் எழுதி, தலைப்புவாரியாக அடுக்கி வைத்திருப்பாராம். மேலே யார் வந்தாலும், கொள்கை எந்தப் பக்கம் திரும்பினாலும், அதற்குப் பொருத்தமான மேற்கோள் அவரிடம் தயாராக இருக்கும். எந்தப் புத்தகம் வரலாம், எந்த நாடகம் மேடையேறலாம், பத்திரிகையில் என்ன எழுதலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் அப்படிப்பட்ட ஒருவர் இருந்தார்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வசீலி கிராஸ்மன் விவகாரம்தான். இரண்டாம் உலகப் போரில் போர்முனைச் செய்தியாளராக ஸ்டாலின்கிராடில் இருந்தவர், அந்தப் போரை வைத்து ‘வாழ்வும் விதியும்’ என்று பெரிய நாவல் எழுதினார். 1961 பிப்ரவரியில் கேஜிபி என்ற ரகசியப் போலீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை, நாவலைத்தான் கைது செய்தார்கள். கையெழுத்துப் பிரதி, தட்டச்சுப் பிரதிகள், கார்பன் தாள், தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பன் உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ரிப்பனில்கூட அந்த எழுத்துகள் மிச்சம் இருக்கக் கூடாதாம்!

என் புத்தகத்துக்கு விடுதலை கொடுங்கள் என்று கேட்டு அவர் குருஷ்சேவுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பதிலாக 1962 ஜூலையில் சுஸ்லோவ் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நாவலைத் தான் படிக்கவில்லை, மதிப்புரைகளைத்தான் படித்தேன் என்று சொல்லிவிட்டு, எதிரிகள் நம்மேல் போடத் தயாராக வைத்திருக்கும் அணுகுண்டுகளோடு உங்கள் புத்தகத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கிராஸ்மனே வீட்டுக்குத் திரும்பி எழுதி வைத்த குறிப்பு இது. இருநூறு முன்னூறு வருஷத்துக்கு அது வெளிவராது என்று சொன்னதாகவும் பரவலாகச் சொல்வார்கள். ஒரு மனிதனின் பத்து வருஷ உழைப்பைப் படிக்காமலே தீர்ப்புச் சொல்ல முடிந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிராஸ்மன் 1964 செப்டம்பர் 14 அன்று புற்றுநோயில் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 14 அன்று, மத்தியக் கமிட்டிக் கூட்டத்தில் குருஷ்சேவை இறக்குவதற்கான அறிக்கையை வாசித்தவர் இதே சுஸ்லோவ். 1957இல் கட்சித் தலைமையிலேயே சிலர் குருஷ்சேவை இறக்கப் பார்த்தபோது, அவரைக் காப்பாற்ற நின்றவர்களிலும் இவர் ஒருவர். அணி மாறினார் என்று சிலர் சொல்வார்கள். அமைப்பு குலையக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு முக்கியம், தலைவர் யார் என்பது அதற்கு அடுத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சொந்தமாகச் சொத்து சேர்த்ததாகப் பேச்சில்லை. மழையில்லாத நாளிலும் காலணிமேல் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, காரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவிடாமல் போனவர் என்பார்கள். எளிமையான மனிதர்தான், ஆனால் அவர் தடுத்த எழுத்துகளுக்கு அந்த எளிமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நாவலின் பிரதிகளை நண்பர்கள் ஒளித்து வைத்திருந்தார்கள். மைக்ரோஃபிலிமாக வெளியே போய் 1980இல் சுவிட்சர்லாந்தில் ரஷ்ய மொழியில் அச்சானது. அப்போது சுஸ்லோவ் உயிரோடு இருந்தார். சோவியத் நாட்டுக்குள் 1988இல் வந்தது.

எங்கள் வீட்டு அலமாரியில் அப்பா வாங்கிய, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் போட்ட தமிழ்ப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் நான் படித்தது அவற்றில்தான், அந்த நன்றி இன்றும் உண்டு. கிராஸ்மன் பெயர்கூட அந்த வரிசையில் இல்லை. நாற்பது வயதில், ஆங்கிலத்தில்தான் அவரைப் படிக்க முடிந்தது.