அந்த 3.0 நிபந்தனை

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கே அமெரிக்காவில் அரசியல் அறிவியல் இளங்கலை முடிக்கிறாள். ஒரு சட்டக் கல்லூரி பாதிக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் தருகிறது. மீதிக்குக் கடன்தான். கடன் வாங்கி மூன்று வருட ஜேடி என்ற சட்டப் பட்டம் படிக்கத்தான் வேண்டுமா, வேறு வேலைக்குப் போகலாமா? இந்தப் பாடத்தை எடுத்ததே தப்போ என்று என் மனைவிக்கு வருத்தம். முதலாண்டில் ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.0-க்குக் குறையக் கூடாது என்று ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவள் 3.7-க்குக் கீழே போனதே இல்லை, அதனால் அது பிரச்சினையில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பதறிவிட்டேன்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அங்குள்ள சட்டக் கல்லூரிகள் இளங்கலையில் இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பிள்ளை பிடித்ததைப் படித்திருக்கிறாள், உங்கள் மனைவியை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். வேறு வேலை என்றால் நகர நிர்வாகம், கொள்கை ஆய்வு எல்லாம் இருக்கின்றன. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞர்களின் உதவியாளராக, ஓரிரு வருடம் இருந்து பார்த்துவிட்டுக்கூட முடிவெடுக்கலாம்.

ஆனால் ‘அது பிரச்சினையில்லை’ என்று எதை நம்பி எழுதினீர்கள்? சட்டக் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மதிப்பெண்ணை ‘கர்வ்’ முறையில், அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். வகுப்பின் நடு மதிப்பெண் 3.0 என்று கல்லூரியே வைத்துவிட்டால், எல்லாரும் விடிய விடியப் படித்தாலும் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் 3.7 வாங்கி வந்தவர்கள்தானே!

நண்பர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்காலர்ஷிப் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, தொகையின் மேல் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தார்கள். நிபந்தனை அடுத்த பத்தியில் இருந்தது. பையன் 2.9 வாங்கினான். அடுத்த இரண்டு வருடமும் முழுக் கட்டணம். சாப்பாட்டு மேஜையில் தலையைக் குனிந்தபடி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் எதற்குக் கேட்க வேண்டும்? பாதிப் பேர் இழப்பார்கள் என்று தெரிந்தே அந்தக் கடிதத்தை அனுப்பியவர்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். ஸ்காலர்ஷிப் போய் அந்த வரம்பும் தாண்டினால் தனியார் கடன்தான் வழி. பொதுச்சேவை வேலையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் சலுகை அந்தக் கடனுக்குக் கிடையாது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ‘509 அறிக்கை’ வெளியிட்டாக வேண்டும். நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் வாங்கியவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள் என்று அதில் இருக்கும். இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அப்புறம் மகளையே கல்லூரிக்கு எழுதச் சொல்லுங்கள்: முதலாண்டு நடு மதிப்பெண் எவ்வளவு, நிபந்தனையை நீக்குவீர்களா என்று. கூச்சமே வேண்டாம், அங்கே எல்லாரும் பேரம் பேசுகிறார்கள். முடியாது என்றால், தொகை குறைந்தாலும் நிபந்தனை இல்லாமல் தரும் கல்லூரியைத் தேடுங்கள்.