ஐந்தாம் பரிசுக்கு மட்டும் பூஜ்யம் வருவது ஏன்?

கேள்வி: எங்கள் தெரு கேரம் போட்டிக்கு மொத்தப் பரிசு 20,000 ரூபாய். ஐந்து பேருக்கு இறங்குமுகமாகப் பிரிக்க வேண்டும். எக்செல்லில் 40 சதவீதத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் குறைத்தேன். ஐந்தாம் ஆளுக்கு ஒன்றுமே இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. 40, 30, 20, 10 என்று நாலு பேரிலேயே நூறு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சதவீதத்தை விடுங்கள், பங்கு போடுங்கள். முதல் ஆளுக்கு 5 பங்கு, அடுத்து 4, இப்படியே கடைசி ஆளுக்கு 1. ஆக 15 பங்கு. சதவீதத்தை எக்செல்லே போட்டுக்கொள்ளும்.

பி2 முதல் பி6 வரை இந்தப் பங்குகளை அடியுங்கள். சி2 கட்டத்தில் =பி2/சம்(பி$2:பி$6) என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கீழே இழுங்கள். சதவீதமாகப் பார்த்தால் 33.33, 26.67, 20, 13.33, 6.67 என்று வரும். எத்தனை பேரானாலும் கூட்டினால் நூறுதான்.

டாலர் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இழுக்க இழுக்கக் கூட்டும் வரம்பும் கீழே நழுவும். இரண்டாம் ஆளுக்கு 40%, மூன்றாம் ஆளுக்கு 50% என்று ஏறி, கடைசி ஆளுக்கு 100% காட்டும்!

முதல் பரிசு இன்னும் எடுப்பாக இருக்க வேண்டுமா? பி2-இல் 1, பி3-இல் =பி2*0.7 என்று போட்டு அதையும் இழுங்கள். சி வரிசையைத் தொட வேண்டாம். முதல் பரிசு 36.06 சதவீதமாகும், ஐந்தாவது 8.66. நான் 0.7-க்குக் கீழே போகமாட்டேன். 0.5 வைத்தால் முதல் ஆளே பாதிக்கு மேல் வாரிக்கொள்வார். ஐந்தாம் பரிசு 645 ரூபாய்தான். அதை மேடையில் கூப்பிட்டுக் கொடுக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

டி வரிசையில் தொகை. நூறு ரூபாய்க்கு முழுமையாக்க =ரவுண்ட்(20000*சி2,-2). டெசிமலைக் குறைக்கும் பொத்தானை நம்பாதீர்கள்; அது கண்ணுக்குத்தான் மறைக்கும், உள்ளே பைசா அப்படியே கிடக்கும். 0.7 கணக்கில் 7,200, 5,000, 3,500, 2,500, 1,700 என வரும். கூட்டிப் பாருங்கள், 19,900! நூறு ரூபாய் எங்கே என்று பொருளாளர் கேட்பார். அதனால் டி2-இல் மட்டும் ரவுண்டை எடுத்துவிட்டு =20000-சம்(டி3:டி6) என்று போடுங்கள். முதல் பரிசு 7,300 ஆகிவிடும்.